அடியில் கிடக்கும் கனம்

காட்டுப் பாதை ஓரத்தில், கூடாரத்தின் முன்னால், ஒரு பாறைமேல் சின்ன அடுப்பு உறுமிக்கொண்டிருக்கிறது. சாயங்கால வெயில் மரங்களுக்கிடையே மெலிந்து விழுகிறது. விடுதியில் ஊருக்கே சமைத்துப் போடுகிறவள், இரண்டு பேருக்கான சூப்பைக் கிண்ட முடியாமல் சுட்ட விரலை உதறுகிறாள். ஸ்பூனின் காம்பை அவள் கணவர் நேற்றே பாதியில் அறுத்துவிட்டார். தராசு ரிப்பேர் செய்கிறவர். மலை நடைக்குக் கிளம்பியதிலிருந்து முதுகுப் பை கனம், கனம் என்று உயிரை வாங்குகிறார். பல் பிரஷ்ஷுக்கு வால் போயிற்று, துண்டு கைக்குட்டையாயிற்று. இப்போது தன் பையிலிருந்து அவளுடைய சீப்பை எடுத்துக் கத்தியால் அறுக்கிறார். “ஏங்க, அதையாவது விட்டு வைக்கக் கூடாதா? நாளைக்கு என் தலையையும் சீவிருவீங்களா?” “என் பையில எங்கேயோ ஒரு கனம் ஒளிஞ்சிருக்கு. அடியில இருக்கறது நானே அடுக்கினது, அதுல தப்பிருக்காது. மேலதான் ஏதோ. என் கை பொய் சொல்லாது.”

அவள் சூப்பின் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவருடைய கம்பளிச் சட்டைக்குள் சுருட்டி, அவர் பையின் அடியிலேயே தன் இரும்புக் கரண்டியைச் செருகி வைத்தவள் அவள்தான். அது இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது. அவரோ தினமும் காலையில் சோதனை போடுவது அவள் பையை மட்டும். இப்போது எடுத்துக் கிண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். விரல் மறுபடி சுடுகிறது. அவர் பாதிச் சீப்பை உள்ளே போட்டு, தன் பையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடை பார்க்கிறார். முகம் மலர்கிறது. “பாரு, இப்பத்தான் சரியா இருக்கு.” திருப்தியோடு பையைப் பாறைமேல் வைக்கிறார். கம்பளியையும் மீறி அடியில் ‘ணங்’கென்கிறது. அவள் அவசரமாக இருமுகிறாள்.