சத்தமில்லாத கடல்

“உயிரியலுக்கு ஏ. இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் வெறும் எஸ், மட்டுமட்டாய்ப் பாஸ். அதெப்பிடி, நிரோஜினி?”

கணினித் திரையில் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியை. இந்தப் பக்கம், யாழ்ப்பாணத்து முகவர் அலுவலகத்தில் நிரோஜினியும், குருநகரில் மீன் ஏலம் கூறும் அவள் தகப்பன் செபநாயகமும்.

“காய்ச்சல் எண்டு சொல்லு,” காதுக்குள் உறுமினார் தகப்பன்.

நிரோஜினி யன்னலைப் பார்த்தாள். வானம் கடல் நிறத்தில் கிடந்தது.

“கனவு கண்டுகொண்டிருந்தனான், மிஸ்.”

“சோதனை நேரத்திலையோ?”

“ஓம். புத்தகத்தைத் திறந்தால் அதே கனவுதான். கடலுக்கு அடியிலை இருக்கிறன். மீனெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடுது, ஒரு சத்தமும் இல்லை. வெளிச்சம் மட்டும் மேலையிருந்து மெள்ள மெள்ள இறங்கி வருது. அவ்வளவு அமைதி, மிஸ். எழும்பி வர மனமே இல்லை.”

செபநாயகம் தலையில் கை வைத்தார்.

“வேறை காரணம் இருந்தாச் சொல்லும். இல்லாட்டி இடம் தாறது கஷ்டம்.”

“வேறை இல்லை, மிஸ்.”

செபநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. திரைக்கு நேரே முகத்தை நீட்டி, ஏலம் கூறும் குரலில் கேட்டார்.

“அம்மா, ஒரு நல்ல விளைமீனோடை ரெண்டு மலிவுச் சூடையும் கிடந்தா, கூடையையே தள்ளிவிடுவியளோ? பாத்துக் கேளுங்கோ!”

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி ஐயா. அந்த ரெண்டு பாடத்துக்கும் நாங்களே ஒரு சோதனை வைக்கிறம். பாஸ் பண்ணினால் இடம்.”

படி இறங்கும்போதே அவர் வெடித்தார்.

“கனவாம்! விசரி! உனக்கு நான் என்ன குறை வைச்சனான்? உயிரியல் எழுதி முடிச்ச அண்டைக்கே, மிச்சம் ரெண்டும் வில்லங்கமான பாடமெண்டு, வீட்டுக்குப் பக்கத்துச் சுருவக்கூட்டுக் கோயிலிலை அந்தோனியாருக்கு நவநாள் வைச்சனானோ இல்லையோ? ஒன்பது நாளும் விடியப்புறம் தொடங்கினா இரவு வரைக்கும் பாட்டும் செபமும்! நாலு லவுட்ஸ்பீக்கரையும் உன்ரை அறைப் பக்கம் திருப்பிக் கட்டுவிச்சது ஆர்? ஆசீர்வாதம் நேரை உனக்கே வரட்டும் எண்டுதானே!”

“ஓம், அப்பா.”

“தகப்பன் இவ்வளவு செய்தவர் எண்டு அந்த அம்மாவிட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

நிரோஜினி மோட்டார் சைக்கிளில் ஏறி, அவர் தோளை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

“அதை மட்டுந்தான், அப்பா, நான் சொல்லேல்லை.”