துரை சொன்னது

"நாலு படகு பொம்பளைங்க பேர்ல வரணும் பெரியப்பா. நான் துரைகிட்ட கேக்கத்தான் போறேன்."

வலைக் கொட்டகை கொல்லென்று சிரித்தது. காசிமேட்டுக் குப்பத்துத் தலைவர் திருமலையும், தமிழ் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் துரையும் மட்டும் சிரிக்கவில்லை.

"தே புஷ்பா, நம்ம குப்பத்துல நீதான் மொத பி.ஏ. பெருமதான், இல்லேன்ல. அதுக்காவ ஊர்க்கட்டு இல்லாத பூடுமா? பொம்பள பேர்ல படகா? கடலம்மா சிரிப்பா."

"கடலம்மாவும் பொம்பளதான்."

பின்னால் மீன்கூடைகளோடு நின்ற பெண்கள் சிரிப்பை மறைக்க வாயை மூடிக்கொண்டார்கள்.

புஷ்பவல்லியை அனுப்பிய மீன் இலாகா அதிகாரி நேற்றே எச்சரித்திருந்தார். "நீ மொழிபெயர்க்க மட்டும்தான் போகிறாய். துரையிடம் எதையும் கேட்கக் கூடாது. வெளிநாட்டாரிடம் கை நீட்டுவது சுதந்திர சர்க்காருக்கு அழகில்லை."

வரப்போவது பன்னிரண்டு இஞ்சின் படகுகள். நாடுகள் ஒன்றுக்கொன்று உதவும் கொழும்புத் திட்டத்தில் துரையின் நாடு கொடுக்கிறது. யார் யாருக்கு என்ற பட்டியலில் தலைவர் கைநாட்டு வைத்தால் முடிந்தது. முதல் நான்கு பெயர்கள் திருமலை, அவருடைய இரண்டு பிள்ளைகள், மாப்பிள்ளை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்த நான்கு பெண்களில் ஒருத்தி பெயர்கூட இல்லை. அந்த நால்வரில் புஷ்பவல்லியின் அம்மா பச்சையம்மாவும் உண்டு. அப்பா கடலோடு போன மூன்றாம் நாளே அவருடைய கட்டுமரம் பெரியப்பா திருமலையின் மரமாகிவிட்டது. அம்மாவின் தலைக்குக் கூடை வந்தது.

"கொயும்புலர்ந்தா வருது? கிட்டக்கத்தானே!" என்றார் ஒரு கிழவர்.

"அங்க கூடிப் பேசினதால அந்தப் பேரு, தாத்தா. இவர் நாடு ரொம்ப வடக்கே. ஒரே பனி."

"அமெரிக்காவா, ரஸ்யாவா?"

"ரெண்டும் இல்ல. பெருசும் இல்ல, சிறுசும் இல்ல. நடுத்தரம்."

"அப்ப நம்ம தோஸ்துன்னு சொல்லு."

புஷ்பவல்லி துரையின் பக்கம் திரும்பி, நான்கு படகுகள் பெண்கள் பேரில் வரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். துரை மடியிலிருந்த தன் நாட்டுப் படப் புத்தகத்தை மூடினார். மார்கழி மூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாகக் கரைந்திருந்தன. தூரத்துக் கட்டுமரங்கள் அந்தரத்தில் மிதந்தன. அதைப் பார்த்தபடி, தூக்கத்தில் பேசுகிறவர்போல அவர் மெல்லப் பேசினார்.

"இன்னா சொல்றாரு?"

புஷ்பவல்லியும் கடலையே பார்த்தாள். "அவர் ஊர்ல கடல் மேல ஆவி பறக்குமாம். விடியறதுக்கு முன்னாலயே பொம்பளைங்க விளக்கெடுத்துக்கினு கரையில நிப்பாங்களாம். மூட்டத்துல படகு கண்ணுக்குத் தெரியாது. இஞ்சின் சத்தத்த வச்சே சொல்லிடுவாங்களாம், அதோ வருது என் படகுன்னு. என் புருஷன் படகு இல்ல. என் படகு."

பெண்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். பச்சையம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எங்கோ ஒரு இஞ்சின் தடதடப்பது அவளுக்கு மட்டும் கேட்டதுபோலிருந்தது.

"அது அந்த ஊரு. இங்க ஆவாதுன்னு சொல்லு," என்றார் திருமலை.

அவள் சொன்னாள். துரை தலையை அசைத்து மறுபடியும் பேசினார்.

"நோ நோன்றாரே! எனக்கும் இங்கிலீசு தெரியும்மே, ஹார்பர்ல கப்பல் பாத்தவன் நானு. பொம்பளைக்கு இல்லன்றாரு, அதானே?"

"பொம்பள பேரு இல்லன்னா படகும் நோன்றாரு."

திருமலை துண்டை உதறித் தோளில் போட்டார்.

"செரி, பேஜாரு வோணாம். ஒண்ணு தர்றேன்னு சொல்லு."

அவள் சொன்னாள். துரை ஏதோ சொல்லி இரண்டு கைகளையும் விரித்தார்.

"இன்னாத்துக்குக் கைய விரிக்கிறாரு?"

"ஒண்ணு பத்தாதாம். நாலு பேருக்கும் தரணுமாம். இல்லாங்காட்டி பன்னண்டும் எண்ணூர்க் குப்பத்துக்குப் போயிடுமாம்."

"எண்ணூரானுக்கா!"

பட்டியலிலிருந்த மற்ற எட்டுப் பேரும் ஒன்றாக எழுந்தார்கள். "அண்ணாத்தே, ஒன் வூட்டுக்கு நாலு படகு இன்னாத்துக்கு? உட்டுத் தொலை! எங்களுதும் பூடப்போவுது!"

திருமலையின் குரல் இறங்கியது. "மெய்யாலுமா எண்ணூருக்கு? இன்னொரு தபா கேளும்மா."

அவள் கேட்டாள். துரை பொறுமையாகப் பதில் சொல்லி, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

"சத்தியம் பண்றாரு பெரியப்பா."

முதல் நான்கு பெயர்களும் அடிக்கப்பட்டன. நான்கு பெண்களின் பெயர்கள் ஏறின. திருமலை கட்டைவிரலை மையில் அழுத்தி, காகிதத்தைப் பார்க்காமலே வைத்தார். ஒன்றும் புரியாவிட்டாலும் துரை மகிழ்ச்சியோடு எல்லோருக்கும் கை கொடுத்தார். "கல்லு மன்சன்யா இந்தத் தொர," என்று முனகியபடி திருமலையும் கையை நீட்டினார்.

துரையைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, புஷ்பவல்லி பட்டியலை மடித்துக்கொண்டு இலாகா ஆபீசுக்கு நடந்தாள். அதிகாரிக்குத் தெரிந்தால் வேலை போகும். போகட்டும். அதை நேற்றே முடிவு செய்திருந்தாள்.

ஈர மணலில் கால் புதையப் பச்சையம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். "அந்த மவராசன் நல்லா இருக்கணும். ஏண்டி, நம்மளுக்காவ இம்மாம் விசயமும் அவரா சொன்னாரு?"

புஷ்பவல்லி நடையைக் குறைக்கவில்லை.

"நாலு தபாவும் அவர் ஒண்ணேதாம்மா சொன்னார். 'படகு யார் பேர்லங்கிறது உங்க வீட்டு விவகாரம், அதுல எங்க நாடு தலையிடாது'ன்னு. நம்ம வீட்டு விவகாரம்தானே? நானே முடிச்சுட்டேன்."