ஆமெனுக்கு முன்னால்

வாய் தவறிவிட்டது.

எல்லோரும் "ஆமென்" என்றபோது அவள் மட்டும் "ரா..." என்றாள்.

உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன செய்ய? வெளியே வந்தது வந்ததுதான்.

பக்கத்தில் நின்ற அல்போன்சா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "என்னடி, விக்கலா?"

குடித்தாள். விக்கல்தான் என்று காட்ட, இல்லாத விக்கலை இன்னொரு முறை எடுத்தாள்.

யாரும் கவனிக்கவில்லை.

எதிர்வரிசையில் ஜெசிந்தா அக்காவின் தலை மட்டும் திரும்பியிருந்தது.

திருச்சியில், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கூடம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஆர்.சி., அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே கூடுவார்கள். முதலில் ஒரு ஜெபம். அப்புறம் பாட்டு, கேரம், வாழைக்காய் பஜ்ஜி, சண்டை, சமாதானம்.

அவள் ஆர்.சி. இல்லை. சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்ட்.

அவள் ஊர்க் கோயிலில் அந்த ஜெபத்துக்கு, ஆமெனுக்கு முன்னால், இன்னொரு வரி உண்டு. 'ராஜ்யமும்' என்று தொடங்கும். இங்கே அது கிடையாது. பேச்சு வந்த நாளிலிருந்து சொன்ன வரி. எந்தக் கோயிலில் நிற்கிறோம் என்று நாக்குக்கு என்ன தெரியும், பாவம்.

பொய் சொல்லவேண்டும் என்று வந்தவள் இல்லை. ஊரை விட்டு வந்து, ஒருத்தரோடும் பேசாமல் சோறு தின்ற நாட்கள் அவை. மெஸ்ஸில் அல்போன்சாதான் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீ ஆர்.சி.தானே?"

தலை தானாக ஆடிவிட்டது. ஆட்டிய தலையை அப்புறம் மாற்றி ஆட்ட முடியவில்லை.

அந்த ஜெபத்தைப் 'பரமண்டல ஜெபம்' என்பதை விட்டு, இவர்களைப்போல் 'பரலோக மந்திரம்' என்று சொல்லப் பழகினாள். சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது என்ன உடுப்பு என்று கேட்டபோது, போடாத வெள்ளைக் கவுனுக்கு லேஸ் வரைக்கும் சொன்னாள். அம்மா போனில் "சாப்ட்டியாட்டி?" என்றால் மாடிப்படிக்கு ஓடிப்போய்ப் பேசினாள். அந்தத் திருநெல்வேலி 'ட்டி'யை இங்கே யாரும் போடுவதில்லை.

எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. அந்த ஒரு வரிதான்.

போன மாதம் ஒரு பையன் மாட்டினான். சிலுவை போடும்போது தோளை மாற்றித் தொட்டுவிட்டான். ஜெசிந்தா அக்காதான் பிடித்தாள். "டேய், நீ பஜ்ஜிக் கத்தோலிக்கனாடா?"

கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அப்புறம் அவன் வரவில்லை.

இப்போது ஜெசிந்தா அக்கா, அவள் ஆடிக்கொண்டிருந்த கேரம் போர்டை நோக்கி வந்துகொண்டிருந்தாள். கூட்டத்தை நடத்துகிறவள். விரலில் எப்போதும் செபமாலை மோதிரம். சொந்த ஊர் மணப்பாறை என்பாள்.

"உனக்கு எந்த ஊருன்னு சொன்ன?"

"திருநெல்வேலி பக்கம்க்கா."

"பக்கம்னா?"

"பக்கம்தான்க்கா."

"உங்க பங்குச்சாமி பேரு என்ன?"

"மாத்திட்டாங்கக்கா. இப்ப வந்தவரு புதுசு."

"ம்."

காய் குழியைத் தாண்டி ஓடியது.

"முடிக்கிறப்ப எம் பக்கத்துல வந்து நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலில் செருப்பு தெரிந்தது. இப்போதே நழுவிவிடலாம். ஆனால் அவள் பையும் அல்போன்சாவின் பையும் ஒரே நாற்காலியில், ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. அல்போன்சா தூரத்திலிருந்து கையைக் காட்டி, உனக்கு ஒரு பஜ்ஜி எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள்.

இன்றைக்கு இந்தக் கூடம் சிரித்துவிட்டால், நாளைக்கு மெஸ்ஸில் எதிர் நாற்காலி காலி.

அவள் போய் ஜெசிந்தா அக்காவின் பக்கத்தில் நின்றாள்.

வழக்கமாக முடிக்கும்போது 'அருள் நிறைந்த மரியே'தான்.

"இன்னைக்கு முடிக்கிறதுக்கும் பரலோக மந்திரமே சொல்லுவோம்" என்றாள் ஜெசிந்தா அக்கா.

"அதான் ஆரம்பத்துலயே சொன்னோமேக்கா?"

"சொன்னா தேஞ்சா போயிரும்? கையப் பிடிங்க."

பரீட்சைதான். சந்தேகமே இல்லை.

மோதிரம் போட்ட கை அவள் கையைப் பிடித்தது. மணி மணியாக விரலில் அழுத்தியது. ஒவ்வொரு சொல்லாகக் காலை ஊன்றி ஊன்றி வந்தாள். முடிகிற இடத்தில் நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்தாள்.

"ஆமென்."

தப்பித்தாள்.

மற்றவர்கள் கையை விட்டார்கள். நாற்காலிகள் இழுபட்டன. யாரோ டீ மிச்சமிருக்கிறதா என்று கேட்டார்கள்.

ஜெசிந்தா அக்கா மட்டும் விடவில்லை. பிடி இன்னும் இறுகியது.

இதோ, இப்போது கேட்கப்போகிறாள்.

அவள் மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

ஜெசிந்தா அக்காவின் கண் மூடியிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை.

ஒரு வரி நீளத்துக்கு.

பிறகு கையை விட்டாள். கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "நாற்காலிய யாரு அடுக்குறது? தின்னுட்டு ஓடுற பஜ்ஜிக் கத்தோலிக்கனெல்லாம் இங்க வாங்கடா!"

கூடம் சிரித்தது.

அந்தச் சிரிப்பின் நடுவே அவளைத் தாண்டிப் போகும்போது, முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த வெள்ளியும் எம் பக்கத்துலயே நில்லுட்டி."

மணப்பாறையில் யாரும் 'ட்டி' போட்டுப் பேசுவதில்லை.