பின்பக்கக் காற்று

பஞ்சு உள்ளே போய்விட்டது.

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம், விரல் நுனியில் ஒரு துணுக்குப் பஞ்சைப் பிடித்துக் காட்டினான். வெளியே பறக்க வேண்டியது. சட்டென்று உறிஞ்சப்பட்டு வலையில் போய் ஒட்டிக்கொண்டது.

அவன் தலையைச் சொறிந்தான்.

"என்னுங்க, மறுபடியும் பிரிக்கோணுமா?" மனைவி கேட்டாள்.

"அட இரு புள்ள."

நூல் மில்லில் காற்றுப் பார்ப்பது அவன் வேலை. இருபத்திரண்டு வருடம். வெளித்தூசி நுழையாதபடி ஷெட்டுக்குள் காற்றை நிறைத்து வைக்க வேண்டும். அதே நினைப்பில்தான் இந்தப் பெட்டியையும் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியிருந்தான். முன்னால் இரண்டு ஃபேன். பின்னால் ஒன்று.

மூன்றும் உள்நோக்கி ஊதின.

சூட்டுக்கு வெளியே போக வழியில்லை. சூடு ஏற ஏற, மூன்றும் வெறி பிடித்ததுபோல் சுற்றின.

அவளுக்கு அது இரைச்சல்.

அவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"எங்க புள்ள சத்தம்? கோயிலாட்டம் இருக்குது."

"உங்களுக்கு இடி விழுந்தாலும் கோயில்தானுங்க."

மில் ஷெட்டின் ஓசை அவன் காதை மந்தமாக்கியிருந்தது. அங்கே யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேச்சு. வீட்டில் அது நடக்காது. சமையலறையிலிருந்து அவனைக் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்காரர்தான் 'என்னங்க' என்பார்.

அவளுக்கு ஒரு ஒலிப்புத்தகத்துக்குக் குரல் கொடுக்கும் வேலை வந்திருந்தது. முதல் வாய்ப்பு. மாதிரிக்கு ஒரு அத்தியாயம் படித்து அனுப்பச் சொன்னார்கள்.

"வனிதாமணியக்கா, குரல் அருமை. பின்னாடி என்ன, மாவு மில்லு ஓடுதா?" என்று அவர்களிடமிருந்து பதில் வந்தது.

இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது இன்று மாலை ஐந்து மணிக்குள் போக வேண்டும். இல்லையென்றால் புத்தகம் வேறு குரலுக்கு.

இரண்டாவது முறை அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். இரைச்சலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் படித்தாள்.

அதன் பிறகு ஒத்திகையும் சுவருக்குத்தான்.

அவன் எப்போதும்போலக் கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தான். வருடக்கணக்காக, அவள் வீட்டில் கதை எதையாவது வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் அவனுக்கு உரிக்க ஏதாவது இருக்கும்.

"எதுக்குங்க சும்மா உக்காந்துட்டு? உங்களுக்குத்தான் கேக்கவே கேக்காதே."

அவன் சிரித்துவைத்தான்.

இன்று மில்லுக்கு வார விடுமுறை; காலையிலேயே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டான். யாரும் சொல்லவில்லை.

இப்போது பின் ஃபேனைக் கழற்றினான். திருப்பி மாட்டினான். முன் வலையில் தூசிக்குப் பயந்து இரட்டையாகக் கட்டியிருந்த துணியில் ஒன்றை உருவினான். பழைய சைக்கிள் ட்யூபை வட்ட வட்டமாக வெட்டி ஒவ்வொரு திருகுக்கும் அடியில் கொடுத்தான். குறுக்கே கிடந்த ஒயர்களை ஓரமாகச் சேர்த்துக் கட்டினான். வேகத்தைக் குறைத்தான்.

கேட்காத சத்தத்தை எப்படிக் குறைப்பது?

பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். காய்ச்சல் பார்ப்பதுபோல. நடுக்கம் இருக்கிறதா?

கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சாண் காட்டினாள். இவ்வளவு சத்தம்.

அவன் ஒரு திருகைத் தளர்த்தினான்.

அரைச் சாண்.

இன்னொன்று.

எலுமிச்சம்பழம்.

பிறகு சுண்டைக்காய்.

பிறகு இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டன.

அவன் மறுபடி பஞ்சைக் காட்டினான். அது எகிறிப் பறந்து அவள் முன்முடியில் போய் உட்கார்ந்தது.

சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு சத்தம் உண்டு என்பது அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

மணி நாலு.

நாற்காலியை அறைப்பக்கம் திருப்பினாள். மைக்கை இழுத்துக்கொண்டாள். அவன் கட்டிலுக்குப் போனான். இன்றைக்குப் பூண்டு.

படித்தாள். பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையின் ஒரு செருப்பை நாய் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. அவர் ஒற்றைக்காலில் நின்றபடி தன் சம்பளத்தைச் சொல்கிறார். ஜன்னலுக்குப் பின்னால் பெண் தன் அக்காவின் காதில் சொல்கிறாள்.

அந்த வரியை அவள் இதுவரை சத்தமாகத்தான் படித்திருந்தாள். இரைச்சலைத் தாண்ட வேண்டுமே. இன்று அதை அதன் இடத்தில் வைத்தாள். வெறும் மூச்சாக.

"அக்கா, நாயையே புடிக்கத் தெரியல. இவரு என்னையப் புடிச்சிருக்குதுன்னு சொல்றாரு."

கட்டிலில் வெடித்தது.

மில் சிரிப்பு. பூண்டுத் தோல் பறந்தது.

"ஐயோ, கெடுத்துப்போட்டீங்களே!"

அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் இன்னும் குலுங்கியது.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைத் திருப்பிக் கேட்டாள். இரைச்சல் இல்லை. சுத்தமாக இல்லை. அவள் குரல் மட்டும். பிறகு அந்த ரகசியம்; அவளே காதைக் கூர்மையாக்கிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

உடனே, சரியாக அதே இடத்தில், அவன் சிரிப்பு.

மறுபடி ஓட்டினாள்.

மறுபடியும்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தாள். காலிங் பெல் கேட்காத மனிதன். அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உதட்டை.

எத்தனை வருடத்து அவரைக்காய். அத்தனை நாளும் இப்படித்தான் கேட்டிருக்கிறான்.

அவன் தப்புச் செய்தவன்போல முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். "நான் வெளிய போயிர்றேன். நீ பதறாமப் படி."

அவள் கையைக் காட்டினாள். மில்லில் காட்டுவார்களே, அப்படி. உள்ளங்கையைக் கீழே பார்த்து இரண்டு முறை.

உட்காருங்கள்.

அவன் உட்கார்ந்தான். தோள் துண்டைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டான்.

நாலே கால். அவள் தலைமுடியிலிருந்த பஞ்சை எடுத்து மேசையில் வைத்தாள். நாற்காலியை இன்னும் ஒரு சாண் அவன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.