உத்தரத்துப் பல்லி

லண்டனில் சட்டன் பகுதியில் இருந்த தன் பழைய வீட்டை விற்றுவிட்டுக் கனடாவில் மகளோடு போய் இருக்க ஆனந்தராஜாவுக்கு ஆசை. ஆசை என்ன, விமானச் சீட்டே எடுத்தாகிவிட்டது. இன்னும் மூன்று கிழமைதான். வீடுதான் விலைபோவதாக இல்லை. வந்து பார்த்த இரண்டு பேர் ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மூன்றாவதாக வந்தவர்கள் தோர்ண்டன் ஹீத்தைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும். மனைவி கமலாம்பிகை ஓயாமல் பேசினார். கணவர் அம்பலவாணன் வாயையும் லேசில் திறக்கவில்லை, கோட்டுப் பைக்குள் விட்ட கையையும் வெளியே எடுக்கவில்லை. ஏப்ரல் குளிர் சிலருக்கு அப்படித்தான்.

ஹோலில் தலைக்கு மேலே கறுத்துப்போன ஓக் உத்தரம் ஒன்று குறுக்கே போனது. மேல்மாடி முழுவதையும் தாங்குவது அதுதான்.

“உத்தரம் நல்ல உறுதி. இன்னும் நூறு வருசம் நிக்கும்,” என்றார் ஆனந்தராஜா.

டிக், டிக், டிக்.

கமலாம்பிகை உடனே விரலால் மேசையில் தட்டினார். “பல்லி சொல்லுது அண்ணை. நீங்கள் சொன்னது உண்மைதான்.”

“சும்மா இரும். லண்டனிலை பல்லி ஏது?” என்றார் அம்பலவாணன். “மரத்துக்குள்ளை வேறை ஏதோ…”

“இவருக்கு எல்லாத்திலையும் சந்தேகம். நாங்கள் அடுத்த சனி வாறம் அண்ணை.”

அவர்கள் போனதும் ஆனந்தராஜா கணினியைத் திறந்தார். லண்டன் வீடுகளில் பல்லி கிடையாதாம். ஆனால் ஓக் மரத்தை உள்ளுக்குள்ளேயே அரித்து மாவாக்கும் வண்டு ஒன்று உண்டாம். குளிர் குறையும் மாதங்களில், துணையைக் கூப்பிடத் தலையை மரத்தில் முட்டி முட்டி ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுமாம். வெளியே உத்தரம், உள்ளே ரஸ்க்.

ஸ்டூலில் ஏறி உத்தரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். இருநூறு வருட மரம், துளைகள் இல்லாமலா இருக்கும்? ஒரு துளையிலிருந்து சிட்டிகை மரத்தூள் அவர் மூக்கில் கொட்டியது. தும்மினார். வாங்குகிறவர்கள் வீட்டின் உறுதியைச் சோதிக்கும் ஒரு சர்வேயரைக் கூட்டிவந்து உத்தரத்தைத் தட்டிப் பார்த்தால் விற்பனையும் போச்சு, கனடாவும் போச்சு.

அந்தக் கிழமை முழுவதும் அவருக்கு வேலை. துளைகளில் புட்டி மாவைக் குழைத்து அப்பி அடைத்தார். புட்டியின் மேல் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷைத் தேய்த்தார். வண்டு மட்டும் மூச்சுக் காட்டவில்லை. வயிறு நிறைந்து படுத்திருக்கிறதாக்கும் என்று நினைத்தார். கடைசியில் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் ஒரு ரப்பர் பல்லியை வாங்கிவந்து, உத்தரத்தின் மூலையில் பசை போட்டு ஒட்டினார். பல்லி பச்சையாக இருந்தது. அதற்கும் கொஞ்சம் பொலிஷ் பூசினார்.

சனிக்கிழமை உள்ளே வந்ததும் வராததுமாகக் கமலாம்பிகை கேட்டார். “எங்கையண்ணை எங்கடை பல்லி?”

“அந்தா, மூலையிலை. பத்து வருசமா என்னோடைதான் இருக்கு.”

கமலாம்பிகை கண்ணை மூடிக் கும்பிட்டார். அம்பலவாணனுக்கு ஏனோ இருமல் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று நெடுநேரம் இருமினார்.

பசை சரியாகக் காயவில்லை போலும். அந்த நேரம் பார்த்துப் பல்லி கழன்று ஆனந்தராஜாவின் தோளில் விழுந்தது. அவர் அதை அப்படியே அமுக்கிக் காற்சட்டைப் பைக்குள் திணித்தார். கமலாம்பிகை கண்ணைத் திறந்தார்.

“எங்கை, காணேல்லை?”

“ஓடிட்டுது.”

டிக், டிக், டிக்.

பைக்குள் இருந்த ரப்பரை ஆனந்தராஜா இறுக்கிப் பிடித்தார்.

“அது… அதின்ரை சோடி,” என்றார்.

“சோடியோ? அப்ப இது லட்சுமிகரமான வீடு,” என்று கமலாம்பிகை உருகினார். “ஆனா அண்ணை, ஒரு சர்வேயர் பாத்தால்தான் வாங்குவன் எண்டு இவர் ஒற்றைக்காலிலை நிக்கிறார்.”

“சர்வேயர் ஏன் தங்கச்சி? அவங்கள் தட்டித் தட்டிப் பல்லியைக் கலைச்சுப்போடுவாங்கள்.”

டிக், டிக்.

“நாப்பதாயிரம் பவுண் குறைக்கிறன்,” என்றார் ஆனந்தராஜா அவசரமாக. “சர்வே ஒண்டும் இல்லாமல் இண்டைக்கே எழுதுவம். எங்கடை ஆக்களுக்குள்ளை என்ன சர்வே?”

அம்பலவாணன் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

டிக்.

“சரி, ஐம்பது.”

காகிதம் கிடைத்தது, பேனா கிடைக்கவில்லை. ஆனந்தராஜா மேசை இழுப்பறையைத் துழாவுவதைப் பார்த்த அம்பலவாணன், முதல் முறையாகக் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்துத் தன் பேனாவை நீட்டினார். ஆனந்தராஜா விலையை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர்களிடமும் கையெழுத்து வாங்கி, அதைப் படம் எடுத்து உடனே வீடு விற்கும் ஏஜென்டுக்கு அனுப்பினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசல்வரை போய் வழியனுப்பினார். அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. இரண்டே வருடத்தில் இந்த அப்பாவிகள் மேல்மாடிக் கட்டிலோடு கீழே வந்து விழப்போகிறார்களே.

காரில் ஏறிய பிறகுதான் கமலாம்பிகை சிரித்தார். “இஞ்சாருங்கோ, உத்தரம் உண்மையாவே என்னமாதிரி?”

“நூறு வருசம் நிக்கும். அந்தாள் சொன்ன ஒரே உண்மை அதுதான்,” என்றார் இருபது வருடமாகச் சர்வேயர் வேலை பார்க்கும் அம்பலவாணன்.

பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டு, பேனாவின் தலையைப் பெருவிரலால் மூன்று தரம் அமுக்கினார்: டிக், டிக், டிக்.