மடியில் ஒரு பிடி

"கப்பலேறி வந்தவ, வந்த மூணாம் நாளே நம்ம புள்ளைங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாடி!"

அம்மாக்கண்ணு போட்ட கூச்சலில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! வயிறு எரிகிறவள் சத்தம் போடாமல் என்ன செய்வாள்?

விஷயம் இதுதான். தேவநாதன் மண்டியில் விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரிக்கிற வேலை. மெஷினில் போட்டால் பருப்பு உடைந்துபோகும், அப்புறம் முளைக்காது. அதனால் ஆனி மாசம் வந்தால் இருபது பொம்பளைகள் சாக்கை விரித்து உட்கார்ந்து கையாலேயே உரிப்பார்கள். விரல் நுனியெல்லாம் தோல் பிய்ந்துபோகும். கூலி ஒன்றும் பிரமாதமில்லை.

ஆனால் சாயங்காலம் எழுந்திருக்கும்போது ஆளுக்கு ஒரு பிடி பருப்பு மடியில் போட்டுக்கொள்வார்கள். தேவநாதனுடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். யாரும் கேட்டு வாங்கியதுமில்லை, யாரும் தடுத்ததுமில்லை. கணக்குப்பிள்ளை அந்த நேரத்துக்குச் சரியாக வேறு பக்கம் பார்ப்பார்.

அந்த ஒரு பிடியை வறுத்து, மிளகாய் வைத்து அரைத்தால்தான் அம்மாக்கண்ணு வீட்டில் கூழ் தொண்டையில் இறங்கும். அரிசி கண்ணில் படாத வருஷம் அது. மூன்று பிள்ளைகள். புருஷன் முருகையன் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

இந்த லட்சணத்தில்தான் பர்மாவிலிருந்து துரத்திவிட்ட ஜனம் பத்துக் குடும்பம் வந்து ஏரிக்கரைச் சத்திரத்தில் இறங்கியது. அதில் ஒருத்தி ராஜாம்பாள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பெண் குழந்தைகள், அவ்வளவுதான் சொத்து. பாவம் என்று தேவநாதன் மண்டியில் உட்கார இடம் கொடுத்தார்.

"பாவமாம், பாவம்! அவங்களுக்கு சர்க்காரு கடன் குடுக்குது, துணி குடுக்குது. நமக்கு எவன் குடுத்தான்? இருக்கிற வேலயிலயும் பங்குக்கு வந்துட்டாளுங்க" என்று அன்றைக்கே அம்மாக்கண்ணு கொதித்தாள். வந்தவளிடம் ஊர் நடப்பைக் கறாராகச் சொல்லியும் வைத்தாள். அதோடு விட்டாளா? மூன்று நாளும் ஒரு கண் அவள் மேலேயே வைத்திருந்தாள்.

இன்றைக்குத்தான் அந்த வினை வந்தது. வேலை முடிந்ததும் ராஜாம்பாள் மண்டி வாசலில் நின்று முந்தானையைப் பிரித்து, மடியை அவிழ்த்து, நன்றாக உதறினாள். தூசிதான் விழுந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த தேவநாதன் அப்படியே நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா? வீடு வாசல் எல்லாத்தயும் பறிகுடுத்துட்டு வந்த பொம்பள. ஒரே ஒரு பருப்பு எடுக்கல. நீங்களும்தான் இருக்கீங்களே! இன்னிலேர்ந்து அத்தினி பேரும் இங்க நின்னு மடிய உதறிட்டுத்தான் போவணும்."

"காலங்காலமா எடுக்கறதுதானே முதலாளி..." என்று பக்கத்துச் சாக்கில் உரிக்கிற நாகம்மாள் இழுத்தாள்.

"இஷ்டமில்லன்னா நின்னுக்க. சத்திரத்துல இன்னும் ஒம்பது பொம்பளைங்க வேல கேக்கறாங்க."

அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? இருபது பேரும் வரிசையாக நின்று, திருடிகள் மாதிரி உதறினார்கள். அம்மாக்கண்ணுவின் ஒரு பிடியும் வாசற்படியில் சிதறி விழுந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகளும் அம்மி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். 

அம்மாக்கண்ணு விடுவிடுவென்று நடந்து ரோட்டில் ராஜாம்பாளை மறித்தாள்.

"வுடுக்கா, தெருவுல இன்னாத்துக்கு?" என்று நாகம்மாள் கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா கெட! ஏம்மா, முதலாளிகிட்ட நல்ல பேரு வாங்கணும்னா வேலயச் செஞ்சு வாங்கேன். எங்க மானத்த வித்தா வாங்கணும்?"

"நான் அவருகிட்ட ஒண்ணுமே சொல்லலக்கா."

"வாயால வேற சொல்லணுமா? வாசல்ல நின்னு உதறிக் காட்டுறியே, அது இன்னா? உங்க பர்மாவுல அதான் பழக்கமா?"

"இல்லக்கா."

"உம் புள்ளைங்களுக்கு வயிறு இல்லியா? அதுங்களுக்கு ஒரு பிடி வேணாமா?"

ராஜாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். "வேணும்க்கா. சின்னவ வெறுங்கூழு குடிக்க மாட்டேங்கறா. அழுது அழுது அப்படியே தூங்கிடறா."

"அப்புறம் எடுத்துக்கறதுக்கு இன்னா கேடு? நீயும் எங்களோட ஒரு பிடி எடுத்திருந்தா அந்த ஆளு கண்ணுல இது பட்டிருக்குமா? எங்க வயித்துல அடிச்சு, உம் புள்ள வயித்துலயும் அடிச்சியே! எவடி உன்ன மடிய உதறச் சொன்னவ? எவ அவ, சொல்லு!"

ராஜாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"நீங்கதானேக்கா. 'இது உள்ளூர்க்காரங்க உரிமை, பொழைக்க வந்தவ ஒரு பருப்புல கை வெச்சாலும் கைய ஒடிச்சுடுவேன்'னு மொத நாளே சொன்னீங்களே. தெனமும் என் மடியவேதான் பாத்துக்கிட்டு நின்னீங்க. நான் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியட்டும்னுதான்க்கா உதறிக் காட்டினேன்."