அகின்லாபி போட்ட நம்பர்

"ஏம்மா அயோகா, இது பட்டறையா, அழகு நிலையமா?"

அகின்லாபிக்குக் குரலே எழும்பவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே! இபாதான் நகரத்தில் அந்தப் பக்கம் நாலு நாளாகக் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் கேட்டு வருகிற ஜனத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அயோகாவின் மேஜையில், சாலிடர் அடிக்கிற கம்பிக்குப் பக்கத்தில், நகச்சாயம் அழிக்கிற பாட்டில் ஒன்று. கூடவே ஒரு கட்டுப் பஞ்சு.

"வேலைக்குத்தான் ஓகா..." அங்கே முதலாளியை ஓகா என்றுதான் அழைப்பார்கள்.

"எந்த வேலைக்கு? முதல்ல அதைக் கொண்டு போய் வெளியே போடு!"

அவள் பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். மூன்று வருஷமாக அவருடைய இன்வெர்ட்டர்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவள் அவள்தான். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அதுவே அவருக்கு இன்று எரிச்சலாக இருந்தது.

"நேத்து ஒருத்தர், இன்னைக்கு ரெண்டு பேரு. புதுப் பெட்டியில மின்விசிறி முனகுதாம். என்னன்னு பார்த்தா, நீ இடைவெளியை மாத்தி வச்சிருக்க. யாரைக் கேட்டு மாத்தின?"

அயோகா பையை இழுத்து மூடினாள்.

இன்வெர்ட்டருக்குள் மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். டைமர் சொல்கிற தாளத்துக்கு மாறி மாறி வேலை செய்யும். ஒன்று முழுசாக அணைந்த பிறகுதான் மற்றது எழ வேண்டும். இரண்டும் ஒரு கணம் சேர்ந்து விழித்துக்கொண்டால் போச்சு, பேட்டரியே ஷார்ட்! அதனால்தான் நடுவில் ஒரு குட்டி இடைவெளி. அரை மைக்ரோ நொடி என்பது அகின்லாபி போட்ட நம்பர். ஒன்பது வருஷமாக யாரும் அதைத் தொட்டதில்லை. இவள் அதை இரண்டு மைக்ரோ நொடியாக்கியிருந்தாள்.

"பயந்தாங்கொள்ளிதான் இவ்வளவு இடைவெளி விடுவான். என் பேரைக் கெடுக்கவே வந்திருக்க. நாளையிலேருந்து வராதே."

"ஓகா, தம்பி படிப்பு இந்த வேலையை நம்பித்தான் இருக்கு..."

"அது நம்பரை மாத்தும்போது தெரியலையா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் சிஸ்டர் எபுன். சின்னதாகப் பிரசவ நிலையம் நடத்துகிறவர். அவர் முகத்திலும் தூக்கம் இல்லை.

"ரெடியா அகின்லாபி? நேத்து டார்ச் வெளிச்சத்துல தையல் போட்டேன். என்னால முடியலைப்பா."

"இதோ சிஸ்டர். எல்லாம் ஒரிஜினல் சாமான். நானே பார்த்துப் பார்த்து வாங்கினது." அகின்லாபி நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "ஒரே ஒரு நம்பர்தான் மாத்தணும்."

சிஸ்டருக்கான பெட்டியில் கேபிளைச் செருகித் தன் கையாலேயே பழைய நம்பரைப் போட்டார்.

"ஓகா, அது வேண்டாம். ஒரே நிமிஷம், தனியா வாங்களேன்..." அயோகா பதறினாள்.

"எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லு."

அயோகா சிஸ்டரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். பெட்டி வெளியே போகுமுன், வாங்குகிறவர் கண் முன்னால் இரண்டு இஸ்திரிப் பெட்டி, ஒரு கெட்டில் மூன்றையும் மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். அகின்லாபி மாட்டினார். சுவிட்சைத் தட்டினார்.

டமார்!

கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. சிஸ்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"யம்மாடி! யார் பண்ண வேலை இது?"

அகின்லாபி உதட்டை அசைப்பதற்குள் அயோகா முந்திக்கொண்டாள். "என் தப்புதாம்மா. நான்தான் தப்பான நம்பரை அவருக்குச் சொல்லிட்டேன், ஞாபகம் வந்து தடுக்கறதுக்குள்ள போட்டுட்டார். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணித் தர்றோம்."

"இப்படி ஆளை வச்சுக்கிட்டு எப்படிய்யா தொழில் பண்றீங்க?" சிஸ்டர் முணுமுணுத்தபடி வெளியேறினார்.

அகின்லாபி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பழியை ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

அயோகா பையிலிருந்து, பெட்டிக்குள் சுவிட்சாக வேலை செய்கிற டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். பாட்டிலைத் திறந்து, பஞ்சை நனைத்து, அதன் முதுகில் ஒரு தேய் தேய்த்தாள். பஞ்சு கறுத்தது. மேலே இருந்த பெயர் அழிந்து, அடியில் வேறு ஏதோ பெயர் எட்டிப் பார்த்தது.

"எல்லாமே இப்படித்தான் ஓகா. பழைய போர்டுல இருந்து கழட்டி, சாயம் பூசி, புதுப் பேரு எழுதினது. இதெல்லாம் மெதுவாத்தான் அணையும். அதான் இடைவெளியைக் கூட்டினேன். முனகும், ஆனா வெடிக்காது."

"எப்போலேருந்து தெரியும்?"

"மூணு வாரமா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"வர்றவங்ககிட்டல்லாம் ஒரிஜினல், ஒரிஜினல்னு எவ்வளவு நம்பிச் சொல்றீங்க! இந்த வயசுல உங்களை ஒருத்தன் இப்படி ஏமாத்திட்டானேன்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடுவீங்க. அதான்..."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பெரியவர்களிடம் விடைபெறும் முறைப்படி, அவர் முன்னால் முழங்காலிட்டாள்.

"வர்றேன் ஓகா. இந்தச் சாமானை வித்த கடைக்காரன்கிட்ட இனிமே ஜாக்கிரதையா இருங்க."

அகின்லாபியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கடையில், சாயம் காயட்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து காத்திருந்து வாங்கி வந்தவரே அவர்தான்.